போயாங்: பாலூட்ட ஏற்ற நாற்காலியா?

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தாலே, தாய் தினமும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஒரே இருக்கையில் கழிக்கிறாள். அப்படிப்பட்ட நாற்காலியைக் கடையில் குஷனை அமுக்கிப் பார்த்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து வாங்கிவிடுகிறோம். என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியை. மூன்று கிலோ குழந்தை முழங்கை மடிப்பில் அரை மணி நேரம் கிடந்தால், தாங்கல் இல்லாத தோள் மெல்ல இறங்கும். தோள் இறங்க இறங்கத் தாய் குனிவாள். பிறகு கழுத்து வலி, முதுகு வலி. குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது என்று பாலூட்டல் ஆலோசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கண்ணோடு ஐக்கியாவின் போயாங்கைப் பார்க்கலாம். ஜப்பானியரான நொபோரு நகமுரா 1970களில் வடிவமைத்தது. மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைத்த சட்டம், பின்னங்கால் கிடையாது. உட்கார்ந்ததும் மூங்கில் போல லேசாக வளைந்து கொடுக்கிறது. முன்னும் பின்னும் நகர்ந்தாடும் க்ளைடர் நாற்காலியில் இருப்பதுபோல, தவழும் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும் நகரும் இணைப்புகள் இதில் இல்லை. முதுகுச் சாய்மானம் உயரமானது, தலையும் சாய்கிறது. ஆனால் கைப்பிடி வெறும் மரம், குறுகலானது, முழங்கை வழுக்குகிறது. அடியில் ஒரு தலையணை வைக்காமல் முடியாது. அதைவிடப் பெரிய குறை, இருக்கை பின்பக்கமாகச் சரிந்திருப்பது. எழுந்திருக்க வயிற்றுத் தசையை இறுக்க வேண்டும். சிசேரியன் தையல் ஆறாத வயிறு அதைத் தாங்காது.

ஆடினால்தானே குழந்தை அடங்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது தூங்கவைக்கும் நேரத்துத் தேவை. வாய் சரியாகக் கவ்விப் பால் இழுக்கும் நேரத்தில் அசையாமல் இருப்பதே நல்லது. நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்துதானே பால் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு இன்னும் கனம் உண்டு. சுவர் முதுகைத் தாங்கியது. மடக்கிய காலின் தொடை குழந்தையை உயர்த்தியது. ஒரு நாற்காலி செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். போயாங்கின் முன்னே ஒரு சிறு பலகையைப் போட்டுக் காலை வைத்தால் அதே தொடை உயரம் கிடைத்துவிடும். தரையிலிருந்து எழும் பாடும் மிச்சம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. நன்றாகச் சாய்கிற நாற்காலி இரவில் தாயைத் தூக்கத்தில் தள்ளும். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு உறங்கிவிடுவது மிக ஆபத்தானது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அழுத்தமாகவே எச்சரிக்கிறது. கண் சொருகினால் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட வேண்டும்.

ஆகவே, சுகப்பிரசவம் என்றால் தலையணையும் பலகையும் சேர்த்துப் போயாங்கை வாங்கலாம். சிசேரியன் என்றால் முதல் சில வாரங்களுக்கு, அகலமான கைப்பிடியும் நிமிர்ந்த முதுகும் உள்ள பிரம்பு நாற்காலியே மேல். எதை வாங்கினாலும், கடைக்கு மூன்று கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துப் போங்கள். அதைக் கையில் ஏந்திப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அந்தக் கையை அசைக்காமல் எழுந்து பாருங்கள்.