இல்லாத நாளுக்கு ஓர் எண்

விண்டோஸ் எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படியொரு நாளே கிடையாது. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு ஆகாது.

பிசகு எக்செலுடையதுகூட இல்லை. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3, 1900ஐயும் லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. (நாலால் வகுபட்டால் லீப் என்கிற குறுக்குவழி 1901 முதல் 2099 வரை எங்கேயும் காலை வாராது. 1900தான் மாட்டிக்கொண்டது.) லோட்டஸில் கணக்கு வைத்திருந்தவர்களை இழுக்க நினைத்த எக்செல், தேதி எண்களைப் பிசகோடு சேர்த்தே வாங்கிக்கொண்டது. அப்புறம் திருத்த வழியில்லை. இன்று திருத்தினால், வெறும் எண்ணாகச் சேமித்து வைத்த கடன் தவணை, பணிமூப்பு, பிறந்த தேதி எல்லாமே ஒரு நாள் நகர்ந்துவிடும்.

“ஒரே ஒரு நாள் தானே சார், சரி பண்ணிட்டுப் போகலாமே?” என்று கேட்கும் இளம் நிரலாளர்களிடம் நான் பழைய கோப்பின் பக்கம் நின்றுதான் வாதாடுவேன். யாரோ எழுதி மூடி வைத்துவிட்டுப் போன கணக்கு அது. எழுதியவர் திரும்பி வந்து மாற்றித் தரப்போவதில்லை.

அதனால்தான் 2006 டிசம்பரில் எக்மா என்கிற தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆஃபீஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல் ஆவணத்தை அனுதாபத்தோடுதான் பிரித்தேன். ஏறத்தாழ 6,000 பக்கம். முழுதும் படித்தேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்டின் பழைய கோப்புகளில் இருப்பதையெல்லாம் இழப்பில்லாமல் புதிய வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வாக்குறுதி. தேதிப் பிசகை அது மறைக்கவில்லை. விதியாகவே எழுதி வைத்தது. எதிர்ப்பாளர்கள் அதிகம் கேலி செய்தது இந்த இடத்தைத்தான். எனக்கு அது ஆவணத்தின் நேர்மையான பகுதி. பிசகு என்னவென்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதற்கேற்ப நிரல் எழுதலாம்.

கோளாறு வேறிடத்தில். வேர்டுக்கான அமைவுகளில் ‘வேர்ட் 95 போல இடைவெளி விடு’ என்கிற பொருளில் ஒன்று வரும். எப்படி விடுவது? அதைச் சொற்களில் அடக்க முடியாது, அந்த மென்பொருள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யவும் என்று முடித்துவிட்டார்கள். சமையல் குறிப்பில் ‘உப்பு, பாட்டி போடுகிற அளவு’ என்று எழுதுவது மாதிரி. பாட்டி உயிரோடிருக்கும் வீட்டுக்குக் குறிப்பே வேண்டாம். இல்லாத வீட்டுக்கு இந்தக் குறிப்பால் பிரயோசனமில்லை. வேர்ட் 95 கையில் இல்லாதவருக்காகத்தானே ஒரு தரம் எழுதப்படுகிறது? பழைய ஆவணத்துக்குக் காட்ட வேண்டிய விசுவாசம் இங்கே பழைய மென்பொருளுக்குப் போய்விட்டது.

ஐஎஸ்ஓவில் சண்டை நடந்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2008இல் தரம் நிறைவேறியபோது இந்தப் பழைய சரக்கைத் தனியே ‘இடைக்கால’ வகையில் ஒதுக்கி, முன்பு சொல்லவே முடியாது என்றவற்றில் பலவற்றுக்கு விவரமும் எழுதிச் சேர்த்தார்கள். எழுத முடிந்திருக்கிறது, பாருங்கள்! மனசுதான் வந்திருக்கவில்லை.

தமிழில் இந்த வலி நமக்கு வேறு வடிவில் தெரியும். யூனிகோடுக்கு முன், பாமினி எழுத்துருவில் தட்டிய ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். ஓரம், பத்தி, அடிக்கோடு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கோப்பு வடிவம் தன் கடமையைச் செய்துவிட்டது. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்கிற விவரம் மட்டும் எழுத்துருவோடு போயிற்று. மாற்றிகளை எழுதியவர்கள் அந்த அட்டவணையை வெளியே எடுத்து வைத்ததால் பாமினி பிழைத்தது. ஒரே ஓர் அச்சகத்துக்கென்று செய்த எழுத்துருவில் அடித்த சிறுபத்திரிகைக் கோப்பு கிடைத்தால், அச்சிட்ட பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

ஆஃபீஸ் 2013 வந்தபோது, அந்த இடைக்காலச் சரக்கு இல்லாத ‘கறார்’ வகையிலும் சேமிக்க வழி வந்தது. சேமிக்கும் வகைகளின் பட்டியலில் தேடினால் கிடைக்கும். கேட்காமலே வந்து நிற்பது இன்னமும் இடைக்கால வகைதான்.