விஞ்ஞானப் பாடம் எதற்கு?

விஞ்ஞானத்தைப் பள்ளியில் ஏன் சொல்லிக் கொடுக்கிறோம் என்று கேட்டால், நம் நாட்டில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். 1966-ல் அறிக்கை தந்த கோத்தாரி கமிஷன், முதல் பத்து வகுப்புகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் கட்டாயம் என்றது; நாட்டின் உற்பத்தி பெருக வேண்டும் என்பது அதன் பெருங்கவலை. 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரஜைகளின் கடமைகளோ, விஞ்ஞான மனப்பான்மையும் ஆராய்ந்து கேட்கும் குணமும் வளர வேண்டும் என்கின்றன. ஒன்று நிபுணர்களை விரும்புகிறது. மற்றது கேள்வி கேட்கிறவர்களை விரும்புகிறது. காகிதத்தில் இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. அந்தக் குடித்தனத்தின் லட்சணம் சந்தி சிரித்த இடம் போடிநாயக்கனூர் மலைச்சரிவு.

ஏலக்காய்க்குப் பேர்போன அந்த ஊருக்கு அருகே, பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை அனுமதி அளித்தது. சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். உள்ளே 50,000 டன் இரும்பாலான கருவி. ஏறக்குறைய 1 கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை கவிந்திருந்தால்தான் வானிலிருந்து வரும் மற்றத் துகள்கள் வடிகட்டப்பட்டு, நியூட்ரினோவின் சுவடு தெரியும். 1965-ல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் அதைக் கண்ட பெருமை நமக்கு உண்டு. ஆகவே விஞ்ஞானிகளின் ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் பிறகு நடந்த வாதத்தில்தான். ஆதரித்தவர்களில் பலர் தேசத்தின் கீர்த்தியைப் பேசினார்கள். ஊர் ஜனங்களைத் தெளிவிக்கப்பட வேண்டியவர்களாகவே கருதினார்கள். எதிர்த்தவர்களில் சிலர் நியூட்ரினோவையே விஷம்போல் வர்ணித்தார்கள். கூடம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், அது ஒவ்வொரு விநாடியும் கோடி கோடியாக நம் உடம்பை ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிப் பாடம் மனசில் தங்கியிருந்தால் இந்தப் பயம் ஒரு வாரம் தாங்கியிராது.

ஆனால் வேறு கேள்விகளும் எழுந்தன. வெடி வைத்தால் ஊற்றுக்கண் என்ன ஆகும்? வெட்டிய பாறையை எங்கே கொட்டுவார்கள்? மதிகெட்டான் சோலை எவ்வளவு தூரம்? இவற்றைப் பாமரத்தனம் என்று ஒதுக்குவது பாமரத்தனம். 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தபோது, அந்தத் தூரக் கணக்குத்தான் முக்கியமாக நின்றது. 2018-ல் மீண்டும் அனுமதி வந்தது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. இத்தனை வருஷ வழக்கில் வக்கீல்கள் பேசினார்கள், நிபுணர்கள் பேசினார்கள். பொட்டிப்புரத்துக்காரர் தாமே அறிக்கையைப் படித்து, இந்தக் கணக்கு சரி, இது தப்பு என்று சொல்லும் நிலையை நம் கல்வி உண்டாக்கவில்லை.

நிபுணர்கள் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிற பையனுக்கு நியூட்ரினோ தெரியாமல் போகலாம். டப்பாவில் இருப்பது என்ன, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்தத் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேரும் என்று கேட்க அவனுக்குத் தெரிய வேண்டும். முதலாளி முகம் சுளித்தாலும் கேட்க வேண்டும். பத்து வருஷம் படித்த விஞ்ஞானம் அதற்கு உதவவில்லையென்றால், அவன் வாங்கிய மார்க்கினால் யாருக்கு என்ன லாபம்?