தூதும் ஓலைத் திருத்தமும்

கலைச்சொல் ஒன்றை ஆக்குதல் எளிது. அச்சொல் கற்போர் உள்ளத்தில் எத்தகைய படத்தை எழுப்புகின்றது என்று ஆராய்தல் அரிது. உயிரணுவியலில் வழங்கும் ‘தூது ஆர்.என்.ஏ.’ என்னும் தொடர் இவ்வாராய்ச்சிக்கு உரியது. தமிழில் எழுதப்படும் அறிவியல் விளக்கங்கள் பலவும் மூன்று சொற்களில் செய்தியை முடித்துவிடுகின்றன: மரபணுவிலிருந்து படியெடுத்தல், அப்படியைத் தூது கொண்டுசெல்லல், அதைப் புரதமாக மொழிபெயர்த்தல். மூன்றும் நல்ல சொற்களே. ஆயினும் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே நிகழும் பெரும்பணி ஒன்று விடுபட்டுப் போகின்றது. கெடா மாநிலத்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை அது வெறும் சொற்குறையன்று.

திருக்குறளில் தூது என்னும் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரை இரு வகையினராகப் பகுத்தார். தாமே வகுத்துக் கூறுவோர் ஒரு வகை. கூறியதைக் கூறுவோர் மற்றொரு வகை. உயிரணுவின் தூது இரண்டாம் வகையைச் சார்ந்தது. எனினும் அது ஏந்திச் செல்லும் ஓலை அரண்மனையை விட்டுப் புறப்படுமுன் திருத்தம் பெறுகின்றது. உட்கருவினுள் எடுக்கப்பட்ட முதற்படியின் முன்முனையில் காப்பாக ஒரு மூடி பொருத்தப்படுகின்றது. இடையிடையே உள்ள பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு எஞ்சியவை இணைக்கப்படுகின்றன. பின்முனையில் ‘ஏ’ என்னும் எழுத்தாலாகிய நீண்ட வால் சேர்க்கப்படுகின்றது. பின்னரே ஓலை வெளியேறுகின்றது. இவ்வாறு வெட்டி இணைத்தல் நிகழ்வதை 1977இல் ரிச்சர்டு ராபர்ட்சு, பிலிப் சார்ப் ஆகியோரின் ஆய்வுகள் வெளிப்படுத்தின. 1993இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

நீக்கப்படும் பகுதிகளை ‘இடைச்செருகல்’ எனக் குறிக்கலாமே என்று தமிழாசிரியர்க்குத் தோன்றுதல் இயல்பு. சுவடிப் பதிப்பில் பழகிய சொல் அது. ஆனால் இடைச்செருகல் என்பது பிற்காலத்தார் புகுத்திய போலியைக் குறிப்பது. கழித்துவிட்டால் மூலம் தூய்மை பெறும் என்பது அதன் கருத்து. உயிரணுவில் நிலைமை வேறு. எதனை நீக்குவது, எதனை வைப்பது என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுவதுண்டு. ஒரே மரபணுவின் படி, தைராய்டுச் சுரப்பியில் ஒருவகையாக வெட்டி இணைக்கப்பட்டுக் கால்சிட்டோனின் என்னும் சுரப்பை ஆக்குகின்றது; நரம்பணுக்களில் வேறுவகையாக இணைக்கப்பட்டு வேறொரு பொருளை ஆக்குகின்றது. ‘பலகை’ என்பதை ஒரு சொல்லாகவும் ‘பல கை’ எனப் பிரித்தும் கொள்வதை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். எழுத்து ஒன்றே, பிரிக்கும் இடம் பொருளை மாற்றுகின்றது. ஆதலின் இடைச்செருகல் என்னும் சொல் இங்குப் பொருந்தாது. ‘நீக்கப்பகுதி’ என்பது நிகழ்வதை மட்டும் கூறுவதால் பிழையற்றது.

இனி, இவ்வேறுபாடு கெடாவில் பயன்படுமாற்றைக் காணலாம். தாய்லாந்தை ஒட்டிய வடமாநிலங்களின் மலாய் மக்களிடையே ஈமோகுளோபின் ‘ஈ’ என்னும் வகை மிகுதி. பீட்டா சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்திற்கு மாறாக லைசின் அமைவதே அதன் தன்மை என்று சுருங்கக் கூறுவர். அவ்வளவே உண்மையாயின், பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்றவர் குருதியில் பாதியளவு ‘ஈ’ வகை இருத்தல் வேண்டும். இருப்பதோ ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு. மாறிய அந்த ஓர் எழுத்தே அருகில் போலியானதொரு வெட்டுமிடத்தையும் திறந்துவிடுகின்றது. ஓலைகளுள் ஒரு பங்கு தவறாக வெட்டுண்டு பயனற்றுப் போகின்றது. அளவு குறைதற்கு அது ஒரு முதன்மைக் காரணம். படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்னும் இரண்டையே கற்ற மாணவன் இக்குறைவை விளக்க இயலாது.

இந்திய மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் பீட்டா தாலசீமியா மாற்றம் இதனினும் தெளிவான சான்று. முதல் நீக்கப்பகுதியின் ஐந்தாம் எழுத்தாகிய ‘ஜி’ அங்கே ‘சி’ ஆகிவிடுகின்றது. புரதத்தின் வாசகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனினும் வெட்டுமிடத்தின் அடையாளம் சிதைவதால் சரியான ஓலை மிகச் சிறிதே உருவாகின்றது. நீக்கப்பகுதியை ‘வீண்’ என்றும் ‘குப்பை’ என்றும் எழுதுவோர்க்கு இஃது ஒன்றே தக்க மறுப்பாகும்.

சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளும் இதற்குப் புறம்பானவரல்லர். மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்க்குத் தாலசீமியாச் சோதனை நடத்தப்பட்டு வருகின்றது. சோதனை முடிவைத் தாய்க்கு விளக்கும்போது ‘இரத்தம் குறைவு’ என்று மட்டும் கூறினால் அவர் இரும்புச்சத்து மாத்திரையையே நினைப்பார். குறை இரும்பிலன்று, ஓலைத் திருத்தத்தில். மரபை ஏந்தியவர் பெரும்பாலும் நலமுடனே வாழ்வர். ஆனால் பெற்றோர் இருவரும் பீட்டா தாலசீமியா மரபை ஏந்தியவராயின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு கடும்நோய் வாய்ப்பு உண்டு. ஒருவர் ‘ஈ’ வகையும் மற்றவர் பீட்டா தாலசீமியாவும் ஏந்தியவராயினும் அதே அளவு வாய்ப்பில் பிறக்கும் குழந்தையின் நோய் எளிதாகவும் இருக்கலாம். இரத்தமேற்ற வேண்டிய அளவு கடுமையாகவும் இருக்கலாம். இதனைத் தெளிவுறுத்தச் சொல் வேண்டும்.

வெளியேறிய பின்னரும் ஓலைக்குக் கட்டுப்பாடு உண்டு. வாசகம் இடையில் அறுந்து நிற்கும் ஓலைகளைக் கண்டறிந்து அழிக்கும் ஏற்பாடு ஒன்று. தூதைத் தடுத்து நிறுத்தும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் மற்றொன்று, அவற்றைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோசு, கேரி ரவ்குன் ஆகியோர்க்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. செங்குருதியணு முதிருங்கால் தன் உட்கருவையே வெளியேற்றிவிடுகின்றது. அதன்பின் புதிய ஓலைக்கு வழியில்லை. முன்னரே வந்த ஓலை நெடிது கெடாது நின்று பணியை முடிக்கின்றது.

எனவே ‘தூது’ என்னும் சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் முன்னே ‘திருத்தம்’ என்னும் படியையும், பின்னே ‘காவல்’ என்னும் படியையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். மூன்று சொல்லில் அடங்கிய பாடம் ஐந்து சொல்லாகும். அவ்விரண்டு சொற்களால், சோதனைத் தாளை ஏந்தி நிற்கும் ஒரு தாய்க்கு உண்மையை அவர் மொழியிலேயே கூற முடியும்.