மூடிவைத்த பாவமும் பிள்ளைகளின் கனவும்: வெஸ் கிரேவனின் திரைப்படங்கள்

திகிற்படங்களால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க இயக்குநர் வெஸ் கிரேவன், 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் மூளைப் புற்றுநோயால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 76. இரத்தமும் கத்தியும் நிறைந்த படங்களை எடுத்த ஒருவரை இறையியல் ஏட்டில் நினைவுகூர்வது தகுமோ என்று வாசகர் சிலர் வினவலாம். தகும் என்பதே நம் விடை. அவர் சபையின் மடியில் வளர்ந்தவர். பக்தியுள்ள, மதிப்புமிக்க குடும்பங்களைப் பற்றியே பெரிதும் பேசியவர். அவர் சொன்னவற்றில் மெய் எவ்வளவு, குறை எவ்வளவு என்று ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

கிரேவன் 1939இல் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். சிறு பருவத்திலேயே தந்தையை இழந்த அவர், கண்டிப்புமிக்க பாப்திஸ்து சபைச் சூழலில் தம் தாயாரால் வளர்க்கப்பட்டார். திரைப்படம் அவ்வீட்டில் விலக்கப்பட்ட கனி. இல்லினாய் மாநிலத்தில் சுவிசேஷப் பற்றுடைய கிறிஸ்தவர் பெரிதும் மதிக்கும் வீட்டன் கல்லூரியில் ஆங்கிலமும் உளவியலும் பயின்றார். மாணவர் திரைப்படக் கொட்டகைக்குச் செல்லலாகாது என்பது அங்கும் அக்காலத்து விதி. அவர் ஆசிரியராயிருந்த மாணவர் இலக்கிய இதழ், அதில் வெளியான கதைகள் கல்லூரித் தலைமைக்கு ஒவ்வாமையால் நிறுத்தப்பட்டது. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராய்ப் பணியாற்றிய பின்னரே திரைத்துறையிற் புகுந்தார். சினிமாக் கொட்டகையின் வாசற்படியை மிதிப்பதே பாவம் என்று நம் சபைகளிற் கற்பிக்கப்பட்ட தலைமுறையினர் இவ்வரலாற்றை அயலான் கதையாகக் கருதமாட்டார்கள்.

அவர் பெயரை முதலில் அறியச் செய்த படம் 1972இல் வெளிவந்த ‘இடப்புறத்துக் கடைசி வீடு’. சுவீடன் நாட்டு லுத்தரன் போதகர் ஒருவரின் மைந்தரான இங்மார் பெர்க்மன் 1960இல் எடுத்த ‘கன்னி ஊற்று’ என்னும் படத்தின் கதையையே கிரேவன் தழுவிக்கொண்டார். பெர்க்மனின் கதையில், ஆலயத்துக்கு மெழுகுவர்த்திகளைக் கொண்டு செல்லும் இளம்பெண்ணை வழியில் இடையர் சிலர் கெடுத்துக் கொன்றுவிடுகிறார்கள். அன்றிரவு அறியாமல் அவள் பெற்றோர் வீட்டிலேயே தங்க இடம் கேட்கிறார்கள். உண்மையை அறிந்த தந்தை அவர்களைக் கொன்று பழிதீர்க்கிறார். பிறகு தம் கைகளையே கண்டு நடுங்கி, அவ்விடத்தில் ஓர் ஆலயம் கட்டுவதாகப் பொருத்தனை செய்கிறார். மகளின் உடலைத் தூக்கும்பொழுது அங்கே நீரூற்றுப் பெருகுகிறது.

கிரேவன் இக்கதையைத் தம் காலத்து அமெரிக்க வீடொன்றில் வைத்தார். வியட்நாம் போரின் கோரக் காட்சிகள் தொலைக்காட்சி வழியே நாள்தோறும் வீட்டுக் கூடங்களுக்குள் வந்த காலம் அது. அவரது படத்திலும் மருத்துவராகிய தந்தையும் அன்புமிக்க தாயும் கொலைஞரைக் கொன்று தீர்க்கிறார்கள். ஆனால் பொருத்தனை இல்லை, ஊற்றும் இல்லை. இரத்தம் தோய்ந்த வீட்டில் இருவரும் செயலற்று நிற்பதோடு படம் முடிகிறது. பழிவாங்குதல் யாருக்கும் ஆறுதல் அளிப்பதில்லை என்பதை இவ்வளவு கசப்பாகச் சொன்ன படங்கள் சிலவே. எனினும் அப்பெண்கள் துன்புறும் காட்சிகளில் காமிரா தங்கவேண்டிய அளவுக்கு மேல் தங்குகிறது என்பதையும் நாம் சொல்லியாகவேண்டும். பிரிட்டனில் தணிக்கையாளர் பல்லாண்டுகள் இப்படத்துக்கு அனுமதி மறுத்தது காரணமற்ற செயலன்று.

1984இல் வந்த ‘எல்ம் தெருவின் கொடுங்கனவு’ அவருடைய தலைசிறந்த படைப்பு. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அகதிகளிற் சிலர் உறக்கத்திலேயே திடீரென மாண்டதைப் பற்றிய நாளேட்டுச் செய்திகள் இதற்கு வித்திட்டன. கதை இதுவே: பிள்ளைகளைக் கொன்ற பிரெட் குரூகர் என்பவன் சட்டத்தின் சிறு குறையால் விடுதலை பெறுகிறான். சினமுற்ற பெற்றோர் ஒன்றுகூடி அவனை உயிரோடு எரித்துவிட்டு, அச்செயலை மறைத்துவிடுகிறார்கள். ஆண்டுகள் கழிந்தபின் அவன் அப்பெற்றோரைத் தேடி வரவில்லை; அவர்களுடைய பிள்ளைகளின் கனவுகளில் வந்து அவர்களைக் கொல்கிறான். நான்சி என்னும் பெண்ணின் தாய், அவனுடைய கத்திகள் பொருத்திய கையுறையை வீட்டின் நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறாள்; தன் மனச்சாட்சியை மதுவில் ஆழ்த்துகிறாள். மகளைக் காக்க எண்ணிச் சாளரங்களுக்கு இரும்புக் கம்பிகள் போடுகிறாள். அவையே மகள் தப்பிச் செல்ல இயலாதபடி தடையாகின்றன. காவல் அதிகாரியாகிய தந்தை, மகள் அழைத்த வேளையில் வரவில்லை.

பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கப்படும் என்ற நியாயப்பிரமாணத்தின் எச்சரிக்கையையும், திராட்சக்காயையும் பல் கூச்சத்தையும் பற்றிய பழமொழியை எசேக்கியேல் மறுத்துரைத்ததையும் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அவ்விரண்டுக்கும் இடையே ஒரு பிள்ளை படும் வேதனையை இப்படம் கண்முன் நிறுத்துகிறது. அறிக்கையிடப்படாத பாவம் அழிவதில்லை; அது வாரிசைத் தேடுகிறது. முடிவில் நான்சி குரூகருக்குப் புறங்காட்டி நின்று, தான் அவனுக்கு அளித்த வலிமையனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள், அவன் மறைகிறான். தீமைக்குத் தனக்கென ஓர் இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே என்ற அகுஸ்தீனின் போதனையை அறிந்தவர் இக்காட்சியை எளிதிற் கடந்து செல்லமாட்டார். அவ்வெற்றியோடு படத்தை முடிக்கவே கிரேவன் விரும்பினார். அடுத்த படத்துக்கு வழி திறந்திருக்கவேண்டும் என்று தயாரிப்பாளர் வற்புறுத்தியமையால் முடிவு மாறிற்று.

அவ்வழியே அவருடைய படைப்பின் கேடும் நுழைந்தது. 1985 முதல் 1991 வரை ஐந்து தொடர்ப்படங்கள் வந்தன. அவற்றில் எதையும் கிரேவன் இயக்கவில்லை. பிள்ளைகளைக் கொன்றவன் வேடிக்கை பேசும் நாயகனானான். அவன் முகமூடி சிறுவரின் விளையாட்டுப் பொருளாயிற்று. 1994இல் ‘புதிய கொடுங்கனவு’ என்ற படத்தில் கிரேவன் தாமாகவே தோன்றி, பழமையான ஒரு தீமையைக் கதை சிறைப்படுத்தி வைக்கிறது என்றும், விற்பனைக்காகக் கதை நீர்த்துப்போகையில் அத்தீமை விடுதலை பெறுகிறது என்றும் கூறுகிறார். தம் தொழிலின்மேல் அவரே கூறிய தீர்ப்பாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் 1996இல் திகிற்படங்களின் மரபையே எள்ளி எடுத்த ‘அலறல்’ பெருவெற்றி பெற்றபின், அதன் தொடர்ப்படங்கள் மூன்றை அவரே இயக்கினார். சந்தையை அவர் கண்டித்தார். அதை விட்டு வெளியேறவில்லை.

கிரேவனின் உலகில் பாவம் உண்டு, தண்டனை உண்டு, துணிவும் உண்டு, மன்னிப்பு இல்லை. இக்குறையை அவர்மேல் மட்டும் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்ட இளைஞருக்கு விதிகளைக் காட்டி, அவரது இதழை நிறுத்திய சமூகம், கிருபையை எவ்வளவு காட்டிற்று? பாவத்தை நன்கு கற்றுக்கொண்டு வெளியேறிய மாணவர் அவர். மீதிப் பாடத்தை அவர் கற்கவில்லையெனில், ஆசிரியரும் கணக்குக் கொடுக்கவேண்டும்.

இப்படங்களை வாலிபர் கூட்டங்களில் திரையிடுமாறு நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் போதகராகப் போகிறவர்கள் அந்த நிலவறையை மறக்கலாகாது. வீடு சந்திக்கச் செல்லும்பொழுது கூடத்தில் வசனப்பலகையும் குடும்பப் படமும் நம்மை வரவேற்கும். அவ்வீட்டுப் பிள்ளை இரவில் ஏன் உறங்குவதில்லை என்று கேட்பதற்கு நமக்குத் துணிவு வேண்டும். பெற்றோர் உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு அவர்களைக் கைவிடாதிருக்க அதனினும் மிகுந்த அன்பு வேண்டும்.