வெனிஸை நடந்தே பார்த்தால் போதுமா?

வெனிஸின் பழைய நகருக்குள் கார் வராது. சைக்கிள் ஓட்டவும் தடை. நடந்தவர்தான் அந்த ஊரைப் பார்த்தவர் என்று பயணக் கட்டுரைகள் சொல்கின்றன. அதில் பாதி உண்மை. அந்தப் பாதி மிக அருமையானது.

நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் நிற்கும் ஊர் இது. தீவுகள் பலவும் தமக்கென ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம் என்று தனித்தனியே வளர்ந்தன. அவற்றை இணைக்கும் பாலங்கள் பல பிறகே வந்தன. எதிரெதிர்க் கரைச் சந்துகள் நேருக்கு நேர் அமையாத இடங்களில் பாலம் கோணலாகக் கால்வாயைக் கடக்கிறது. நடக்கிறவரின் கால் இந்த வரலாற்றை உணரும். சதுக்கங்களின் நடுவே, செதுக்கிய கல் விளிம்போடு, மூடிய கிணறுகளைக் காணலாம். ஊற்று நீர் அவற்றில் கிடையாது. தளத்தில் விழும் மழைநீர் மணலில் வடிந்து சேரும் தொட்டிகள் அவை. 1884இல் குழாய்நீர் வரும்வரை, உப்புநீர் சூழ்ந்த இந்நகரம் பெரும்பாலும் மழையைக் குடித்தே வாழ்ந்தது. படகிலேயே சுற்றுபவருக்கு இது தெரியாமலே போகும்.

ஆனால் வெனிஸின் மாளிகைகள் நீரைப் பார்த்துக் கட்டப்பட்டவை. அழகு வேலைப்பாடெல்லாம் கால்வாய்ப் பக்கம்தான். 15ஆம் நூற்றாண்டின் கா தோரோ மாளிகையைச் சந்து வழியே தேடிப்போனால், தலைவாசலை விட்டுக் கொல்லைப்புறமாக நுழைந்த விருந்தாளியின் நிலைதான். பெருங்கால்வாயின் மேல் 1854 வரை ரியால்டோ ஒன்றுதான் பாலம், இன்றும் நான்குதான். அதன் கரை நெடுக நடக்கவும் வழியில்லை. ஆகவே முதலாம் எண் வாப்பரெட்டோ பயணிகள் படகில் ஒருமுறையாவது கால்வாயின் முழுத் தொலைவும் போகாத நடைப்பயணத்தை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

இதைவிடப் பெரிய குறை நெரிசல். ரியால்டோவுக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும் வழிகாட்டும் பலகைகளைப் பின்பற்றி எல்லோரும் ஒரே தடத்தில் நெருக்குகிறார்கள். 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை. மிச்சமிருப்பவர்கள் காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குள்தான் வீடு திரும்ப வேண்டும். 2024இல் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். கட்டணம் கட்டியவரும் அதே தடத்தில்தானே நடப்பார்? சரி, தடத்தை விட்டு விலகித் தொலைந்து போங்கள் என்னும் பிரபலமான அறிவுரையாவது நல்லதா? ஒருவருக்கு நல்லது. ஆயிரம் பேர் கேட்டால், கஸ்தெல்லோ பகுதியின் கிழக்குக் கோடியில் துணி உலர்த்தும் சந்துக்கும் அதே கதி.

நடையைப் புகழ்கிறவர்கள் படிக்கட்டுகளைப் பற்றிப் பேசாதது எனக்கு உறுத்துகிறது. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாப்பரெட்டோ இறக்கிவிடும் தீவோடு ஊர் முடிந்துவிடுகிறது. அக்டோபரில் நடக்கும் மராத்தான் ஓட்டத்துக்காகச் சாத்தரே கரைப் பாலங்களில் சரிவுப் பலகைகள் போட்டு, சில மாதங்கள் விட்டுவைக்கிறார்கள். அவற்றை ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டும்.