யார் அந்த 'நாம்'?

இந்திய அரசியலமைப்பின் முகவுரை ஒரே ஒரு வாக்கியம். 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்கி, நீதி, சுதந்திரம், சமத்துவம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில்தான் வினைச்சொல்லைத் தொடுகிறது. எழுதியது ஆங்கிலத்தில், நடை என்னவோ நம்ம தமிழ் வாக்கியம் மாதிரி.

இதன் வேரை 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் தேடுவது வழக்கம். தப்பில்லை. ஆனா இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு சொல் புதுசாக நிற்கும்: சகோதரத்துவம். தீர்மானத்தில் அது கிடையாது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு சேர்த்தது.

என் வாசிப்பில் இந்தப் பிரதியிலேயே நேர்மையான சொல் இதுதான். அரசியல் நிர்ணய சபையை வயதுவந்த எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 'நாம்' என்பது அன்றைக்கு ஓர் உரிமைகோரல், அவ்வளவுதான். பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்க 1927இல் மகாடில் போராட வேண்டியிருந்தவருக்கு அது தெரியாதா என்ன?

1949 அக்டோபர் 17 அன்று, 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கலாம் என்றார் எச்.வி. காமத். 41க்கு 68 என்று அந்தத் திருத்தம் தோற்றது. 'நாம்' முதலிடத்திலேயே தங்கியது.

1960இல் பெருபாரி வழக்கில், முகவுரை அரசியலமைப்பின் பகுதியே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். கோடில் எழுதும் கமென்ட் மாதிரி; கம்பைலர் கண்டுகொள்ளாது. 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு அதைத் திருத்தியது.

இப்போ சண்டையெல்லாம் 1976இல் நுழைந்த 'சோஷலிச', 'மதச்சார்பற்ற' என்ற சொற்கள் மேல். சகோதரத்துவ வரியை யாரும் சீண்டுவதில்லை. அதில் தனிமனித மாண்பு முதலில், தேசத்தின் ஒற்றுமை பிறகு. அதே 1976இல் 'ஒருமைப்பாடு' என்று ஒரு சொல்லை அங்கேயும் ஒட்டினார்கள். வரிசை மட்டும் மாறவில்லை.