தக்கை இல்லாத தூண்டில்

தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் தக்கை பார்ப்பவர்கள். மயில்தோகைத் தண்டோ, தெர்மாகோல் துண்டோ, பழைய செருப்பில் அறுத்த ரப்பரோ தண்ணீர்மேல் மிதக்க வேண்டும். அது ஆட வேண்டும், சாய வேண்டும், முங்க வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு மீன் பிடித்த திருப்தி. கெண்டைக்கு அது சரி, ஜிலேபிக்கும் சரி. கெளுத்திக்குத் தக்கை கட்டுகிறவரை மட்டும் நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பேன். அடிமண்ணில் மேயும் மீன் அது. அது வந்து போன சேதி மேலே தக்கைக்கு வந்து சேர்வதற்குள் புழு பறிபோயிருக்கும். கெளுத்தியைக் கைத்தூண்டிலில்தான் பிடிக்க வேண்டும். தங்கூசி, ஈயம், முள், ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் சாமான்.

இந்த வித்தையை முழுசாக ருசிக்க ஓர் இடமும் ஒரு மாதமும் சொல்லச் சொன்னால், மேட்டூர் அணையின் மேல்கரை, ஐப்பசி விடியல் என்பேன். அதுவும் தனியாக. துணைக்கு ஆள் வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் விரல் தூங்கிவிடும்.

மேட்டூருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அணையைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பூங்காவில் உட்கார்ந்து, பதினாறு கண் பாலத்தில் போட்டோ எடுத்து, மீன் வறுவல் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அந்தச் சுவருக்குப் பின்னால் காவிரி எவ்வளவு தூரம் படுத்துக்கிடக்கிறது என்பது கொளத்தூர் தாண்டி பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் போனால்தான் தெரியும். இந்த நீர்த்தேக்கத்துக்கு அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைக் கரையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. தஞ்சாவூர்க்காரர் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது இந்த அடிக்கணக்கைத்தான். நானும் அதைத்தான் தேடுகிறேன், ஆனால் எனக்கு எத்தனை அடி என்பது இரண்டாம்பட்சம். ஏறுகிறதா, இறங்குகிறதா? அதுதான் கேள்வி.

இறங்குகிற அணையில் கெளுத்தி கிடைக்காது என்றில்லை. கிடைக்கும், ஆனால் ஆழத்தில் கிடக்கும், கரைக்கு வர மனசு வைக்காது. தண்ணீர் வடிந்த மாதங்களில் நீர்ப்பிடிப்பு நிலத்தில் சோளமும் கம்பும் கடலையும் விதைத்து எடுப்பார்கள். இன்னும் வற்றினால், அணை கட்டும்போது மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். ஜூன் 12-ல் அணையைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். இடையில் ஐப்பசி பிறந்து டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டால் அங்கே தண்ணீர்த் தேவை குறையும், இங்கே திறப்பைக் குறைப்பார்கள். மேலேயும் மழை பெய்தால் அணை மெல்ல ஏறும். நேற்று வரை ஆடு மேய்ந்த தரையில் இன்று கணுக்கால் தண்ணீர். சோளத்தட்டைக் கட்டைகளுக்கு நடுவே வெடிப்பு விட்ட மண்ணில் தண்ணீர் புகுந்ததும் உள்ளேயிருக்கிற மண்புழு, பிள்ளைப்பூச்சி, சுவர்க்கோழி எல்லாம் பதறி வெளியே வரும். அந்த விருந்துக்குத்தான் கெளுத்தி முழங்கால் ஆழத்துக்கே தேடி வருகிறது. ஆகவே ஐப்பசியில் தூரமாக வீச வேண்டியதே இல்லை. கம்பும் ரீலும் வாங்கி, பலம் கொண்ட மட்டும் நடு அணைக்கு எறிகிறவர்கள் மீனைத் தாண்டி எறிகிறார்கள்.

நடையிலும் ஒரு நாசூக்கு வேண்டும். கெளுத்திக்கும் கெண்டைக்கும் காற்றுப் பையையும் உள்காதையும் இணைக்கிற சின்ன எலும்புச் சங்கிலி ஒன்று உண்டு. தண்ணீருக்குள் வரும் அதிர்வை அந்தப் பை வாங்கி எலும்புகள் வழியாகக் காதுக்கு அனுப்பும். பல மீன்களுக்கு இல்லாத பாக்கியம் இது. கரையில் தொப்பென்று பையை இறக்கி வைத்தாலே அதற்குச் சேதி போய்விடும். செருப்பைக் கழற்றிவிட்டு, இருட்டிலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஆடிக் காற்றெல்லாம் ஓய்ந்த மாதம் என்பதால் தண்ணீர் அலையடிக்காது. பாலாறு பக்கம் ராத்திரி மழை என்றால் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும். இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது என்று கெண்டைக்காரர் வீட்டுக்குத் திரும்புவார். நமக்கு அதுதான் நல்ல சகுனம்.

ஏனென்றால் கெளுத்திக்குக் கண் பெரிய விஷயமே இல்லை. அதன் மீசையில் நாக்கு இருக்கிறது, நாம் நாக்கில் வைத்திருக்கிற சுவை மொட்டுகள் அதற்கு மீசை நெடுக. மீசையோடும் நிற்கவில்லை, செதிலில்லாத தோலில் உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது. இருட்டிலும் சேற்றிலும் ருசி பார்த்தபடியே நடக்கிற மீன். இந்தப் பக்கம் விரலால் மட்டும் பார்க்கிறவன் ஒருத்தன், அந்தப் பக்கம் மீசையால் மட்டும் பார்க்கிற ஒன்று. நடுவில் இருபது முழம் நரம்பு. இந்தச் சமநிலை எனக்குப் பிடித்திருக்கிறது. விரால் பிடிப்பதில் கண்ணுக்குக் கண் மோதல். அதன் பெருமை வேறு.

இரைக்கு நான் இரண்டுதான் வைத்துக்கொள்வேன். ஒன்று, கட்டுத்தரை ஓரத்துச் சாணிக்குப்பையில் தோண்டிய மண்புழு. ஈர மண்ணோடு கொட்டாங்குச்சியில். முள்ளின் வளைவு முழுக்கக் கோத்து, வால் நுனி மட்டும் தொங்கி நெளிய வேண்டும். மற்றது கோழிக்குடல். கோழிக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் இருக்கையில் அதற்குப் பஞ்சமில்லை, கறிக்கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். முந்தின நாள் வாங்கி, லேசாக வாடை வந்த குடல் பெரிய மீனுக்கு நல்லது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நல்லதில்லை.

இனி விரல். தங்கூசியை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் போட்டு, மிச்சத்தை மடியில் சுருளாக விட வேண்டும். இறுக்கமும் கூடாது, தொய்வும் கூடாது. ஈயம் தரையில் உட்கார்ந்தது தெரிந்ததும் ஒரு சாண் இழுத்து நிறுத்தினால் முள்ளுக்கும் விரலுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கும். காற்று தங்கூசியை நடுக்கும். அது சீராக வரும், கணக்கில் சேர்க்க வேண்டாம். பொடி மீன்கள் புழுவின் நுனியைப் பிய்ப்பது குருவி அரிசி பொறுக்குவதுபோல விரலில் விழும். ஜிலேபி அதையே அவசரமாகச் செய்யும். நண்டு வந்தால் எதுவுமே தெரியாது, எடுத்துப் பார்த்தால் முள் பளபளவென்று காலியாக இருக்கும். ஆமை என்றால் கனம் மட்டும் நகரும், துடிப்பு இருக்காது.

கெளுத்தி முதலில் ஒரே ஒரு தட்டு தட்டும். பிறகு ஒன்றுமில்லை. போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை, மீசையால் சுற்றிவந்து கொண்டிருக்கிறது. புதுசாகப் பழகுகிறவர் அந்த முதல் தட்டுக்கே சுண்டிவிடுவார். பொறுத்திருந்தால் விரல் மடிப்பில் தர்ரென்று ஓர் அதிர்வு, அதன் பின்னாலேயே நரம்பு பக்கவாட்டில் நகரும். கவ்விக்கொண்டு நடக்கிறது. அந்த நடையில் சுண்ட வேண்டும். தோள் வேண்டாம், மணிக்கட்டு போதும். எவ்வளவு நடக்க விடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் கை வேறுபடும். அதிகம் விட்டால் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிடும், எடுப்பதற்குள் மீனும் பாடாய்ப் படும், நாமும் படுவோம். உதட்டோரத்தில் முள் ஏறியிருந்தால் அவர் கெட்டிக்காரர்.

வாளை வந்தால் இந்த இலக்கணமெல்லாம் செல்லாது. தட்டாது, ருசி பார்க்காது. கண்ணைத் தாண்டிப் பிளந்த வாயோடு ஒரே வாங்காக வாங்கிக்கொண்டு போகும். தங்கூசி விரலைச் சூடு வைத்துவிட்டு ஓடும். வெள்ளைக்கார தூண்டில்காரர்கள் இதை நன்னீர்ச் சுறா என்றே அழைத்தார்கள். குறுந்தொகையின் எட்டாவது பாட்டில் ஆலங்குடி வங்கனார், வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தை வாளை கவ்வுவதைச் சொல்கிறார். பரத்தை தலைவனைப் பழித்துச் சொல்லும் பாட்டுதான். ஆனால் பழம் தண்ணீரில் விழுகிற சத்தத்துக்கே பாய்ந்து வருகிற அந்த மீனை ஒரு தூண்டில்காரரின் கண்ணோடு பார்த்திருக்கிறார் மனுஷன். முயற்சியே இல்லாமல் வாயில் வந்து விழுவதை வாங்கிக்கொள்வதுதான் வாளையின் குணம்.

விடிந்த பிறகு ரங்கூன் வலையைத் தூக்கிக்கொண்டு பரிசல்காரர்கள் கரைக்குத் திரும்புவார்கள். அணையில் வலை போட மீன்வளத் துறையின் லைசென்ஸ் வேண்டும், அவர்களுக்கு இது பிழைப்பு. நம் பொழுதுபோக்கை அவர்கள் சற்று வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள்.

“என்னங்கண்ணா, ஏதாச்சும் மாட்டுச்சுங்களா?”

“ரெண்டு கெளுத்திங்க. உங்களுக்கு?”

“எல்லாம் ஜிலேபிதாங்கண்ணா. வாளை வலையில பாத்து மாசமாச்சு.”

சும்மா சொல்லவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள், குஞ்சு விட விடப் பெருகும். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது, யாரும் விடாமலே பெருகுகிறது. வாளையும் நாட்டுக் கெளுத்தியும் காவிரிக்கே சொந்தம், அவற்றுக்குத்தான் ஆள் இல்லை. உலக அளவிலேயே வாளை அருகிவரும் மீன் பட்டியலில் ஏறிவிட்டது. போதாததற்கு, மத்திய அரசு தடை செய்தும் திருட்டுத்தனமாக வளர்க்கப்படுகிற ஆப்பிரிக்கக் கெளுத்தி. குளத்திலிருந்து வெள்ளத்தில் தப்பி ஆற்றில் சேர்ந்தால் கண்டதையும் விழுங்கும். அது தூண்டிலில் வந்தால் எனக்கு சந்தோஷமில்லை. முரட்டுத்தனமாக இழுக்கும், அவ்வளவுதான், அதில் பேச்சே கிடையாது.

நாட்டுக் கெளுத்தியைக் கரைக்கு இழுத்ததும் கேட்கிற ஒரு சத்தம் இருக்கிறது: கீர், கீர். வாயால் கத்துவதாகச் சிறுவர்கள் நினைப்பார்கள். பக்கத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உரசி எழுப்புகிற ஒலி அது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள்ளும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். அமுக்கி மடக்க முடியாது. ஈரத் துண்டைப் போட்டு, முதுகு முள்ளுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, இரண்டு பக்க முள்ளும் விரல் இடுக்குகளில் வெளியே நிற்கும்படி பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் ரத்தம் கொஞ்சம்தான், கடுப்பு அதிகம். முள்ளில் விஷம் உண்டு. பொறுக்கும் சூட்டில் வெந்நீருக்குள் கையை வைத்திருந்தால் தணியும்.

வெயில் ஏறினால் கடி நின்றுவிடும். சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வாளையை வறுக்கலாம், நடுமுள்ளை எடுத்தால் சதைதான். கெளுத்தியை வறுப்பது வீண், அது குழம்புக்கென்றே பிறந்தது. சாம்பலோ கல் உப்போ போட்டுச் சொரசொரப்பான கல்லில் வழவழப்புப் போக உரசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளி கரைத்து, கொதி வந்தபின் மீனைப் போட்டு, கரண்டியைத் தொடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும். இதில் தேங்காய் அரைத்து ஊற்றுவது மீனின் மண்வாசத்தை மூடி மறைக்கிற வேலை என்பது என் கட்சி. வீட்டில் எதிர்க்கட்சி பலமாக இருப்பதால் இப்போதெல்லாம் அடுப்பில் இரண்டு சட்டி ஏறுகிறது, எந்தத் தலை எந்தச் சட்டிக்கு என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை.